ஏலகிரி, ஜவ்வாது, பாலாறு: வார இறுதிக்கான வானிலைச் சேவைகள் பற்றிய மதிப்புரை

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் வார இறுதியில் மலையேறுவோருக்கும், மிதிவண்டியில் மலைச்சாலை ஏறுவோருக்கும், அருவிக்கும் ஆற்றுக்கும் போவோருக்கும் இன்று கிடைக்கும் வானிலைச் சேவைகளில், சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அன்றாட அறிக்கைக்கே நான் முதலிடம் தருவேன். கைப்பேசியில் வண்ணப் படங்களோடு வரும் எத்தனையோ செயலிகள் இருக்க, வெறும் எழுத்தாக வரும் ஓர் அரசு அறிக்கையை முன்னிறுத்துவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அந்த அறிக்கை தனக்குத் தெரிந்த அளவை மட்டும் சொல்கிறது என்பதே அதன் பெருமை. கைப்பேசியோடு சேர்ந்து வரும் ஒரு செயலி, ஏலகிரியில் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மழை வாய்ப்பு இத்தனை விழுக்காடு என்று காட்டும்போது, அந்த எண் எந்த அளவுள்ள நிலப்பரப்புக்குக் கணக்கிடப்பட்டது என்பதைப் பயனர் அறிய வழியில்லை. எந்தச் சேவை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நம் மலைகளையும் ஆறுகளையும் வைத்தே இங்கே எடைபோட முயல்கிறேன்.

அறிக்கையின் மொழி முதலில் சலிப்பூட்டும். "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்" என்ற தொடரை ஆண்டு முழுவதும் கேட்டுப் பழகியவர்கள், அதில் செய்தி எதுவும் இல்லை என்று கடந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் வரையறுத்த அளவு உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் "ஓரிரு இடங்களில்" என்றும், அதற்கு மேல் பாதி வரை என்றால் "ஒரு சில இடங்களில்" என்றும், பாதிக்கு மேல் முக்கால் பங்கு வரை என்றால் "அநேக இடங்களில்" என்றும், அதையும் தாண்டினால் "பெரும்பாலான இடங்களில்" என்றும் எழுதுவார்கள். ஆகவே வியாழக்கிழமை "ஓரிரு" என்றிருந்த சொல் வெள்ளிக்கிழமை "அநேக" என்று மாறியிருந்தால், மற்ற சொற்கள் எல்லாம் அப்படியே இருந்தாலும், சனிக்கிழமைப் பயணத்தின் நிலைமை அடியோடு மாறிவிட்டது என்று பொருள். இதைக் கவனிக்கப் பழகிய ஒருவருக்கு அந்த ஒற்றை வரி போதும்.

மழையின் அளவைக் குறிக்கும் சொற்களும் இப்படித்தான் வரையறுக்கப்பட்டவை. காலை 8.30 மணிக்கு முடியும் 24 மணி நேரத்தில் 15.6 மில்லிமீட்டர் முதல் 64.4 மில்லிமீட்டர் வரை பெய்தால் அது "மிதமான மழை", 64.5 முதல் 115.5 வரை "கனமழை", அதிலிருந்து 204.4 வரை "மிக கனமழை". அதற்கும் மேல் "அதி கனமழை". இங்கேதான் மலைக்கும் ஆற்றுக்கும் போகிறவர்கள் நின்று யோசிக்க வேண்டும். ஊருக்குள் இருப்பவருக்கு "மிதமான" என்ற சொல் அச்சமூட்டாது. தெருவில் சற்று நீர் தேங்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த அளவு 24 மணி நேரத்துக்கானது. நம் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் வரும் இடிமழை, தன் முழு அளவையும் ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். பத்துச் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு மலைச்சரிவில் 50 மில்லிமீட்டர் பெய்தால், அங்கே விழும் நீர் ஐந்து லட்சம் கன மீட்டர். அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கினாலும், பாறை நிறைந்த சரிவுகளில் மீதி முழுவதும் ஓடைக்கே வரும். அமிர்தி அருவியிலோ, ஏலகிரிப் பள்ளத்தாக்கிலிருந்து அட்டாறு இறங்கும் ஜலகாம்பாறையிலோ, ஜமுனாமரத்தூர் அருகே பீமன் அருவியிலோ நின்றுகொண்டிருப்பவரின் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கலாம். மேலே மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளிப் பெய்த அந்த "மிதமான" மழை சேறு கலந்த நீராக இறங்கி வரும்போது விலக அவகாசம் இருக்காது. தெளிந்த நீர் திடீரென்று கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், ஓசை கனப்பதும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் எச்சரிக்கைகள். எந்தச் செயலியும் அவற்றை முந்திக்கொண்டு சொல்வதில்லை.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறமிட்டு மாவட்டவாரியாக ஐந்து நாள்களுக்கு வரும் எச்சரிக்கைப் படமும் பயனுள்ளதே. ஆனால் அதன் அலகு மாவட்டம். ஜவ்வாது மலையோ வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. காவலூரிலிருந்து புதூர்நாட்டுப் பக்கம் நடக்கிறவர் திருப்பத்தூர் மாவட்டத்தின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்பட்டால், சில கிலோமீட்டருக்கு அப்பால் திருவண்ணாமலை மாவட்டத்துக்குச் சொல்லப்பட்டதை அவர் அறியாமலே போய்விடுவார். ஜவ்வாதுக்குப் போகும் எவரும் மூன்று மாவட்டங்களின் எச்சரிக்கையையும் பார்த்து, மூன்றில் கடுமையானதையே தனக்குரியதாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நிகழ்வை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கரையோடு ஓய்ந்துவிடாமல் உள்நாட்டுக்குள் மெல்ல நகர்ந்து, ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. அதே நாள்களில் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். கடலோரச் செய்தி என்று நினைத்து உள்மாவட்டத்தார் கவனிக்காமல் விடக்கூடாத புயல்கள் உண்டு என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

முன்னறிவிப்போடு, காலையில் வெளியாகும் மழைப்பதிவுப் பட்டியலையும் படிக்க வேண்டும். முந்தைய நாள் ஆலங்காயத்திலும் ஜமுனாமரத்தூரிலும் எவ்வளவு பெய்தது என்று அதில் பார்த்தால், மலை எவ்வளவு நனைந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஏற்கெனவே ஊறிய மலையில் சிறிய மழையும் பெரிய ஓடையாகும்.

அடுத்து விண்டி. செக் நாட்டில் உருவான இந்தச் செயலியும் தளமும், உலகின் பெரிய வானிலைக் கணிப்பு மாதிரிகளின் (வரும் நாள்களின் வானிலையைக் கணினியில் கணக்கிடும் முறைகளின்) முடிவுகளைப் படமாக்கித் தருகின்றன. அவற்றில் ஒன்றான ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் மாதிரி ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாக நிலத்தைப் பிரித்துக் கணக்கிடுகிறது. அப்படிப்பட்ட ஒரு கட்டத்தின் பரப்பு 81 சதுர கிலோமீட்டர். ஏலகிரி மலையின் மேற்பரப்போ ஏறத்தாழ 30 சதுர கிலோமீட்டர்தான். ஆகவே 1,100 மீட்டர் உயரத்திலுள்ள ஏலகிரியும் அதன் கீழே 400 மீட்டரை ஒட்டிய ஜோலார்பேட்டைச் சமவெளியும் மாதிரியின் கண்ணில் ஒன்றாகக் கலந்து, இரண்டும் அல்லாத ஓர் இடைப்பட்ட மேடாகிவிடுகின்றன. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.65 பாகை குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, அடிவாரத்துக்கும் உச்சிக்கும் நான்கரை பாகை வேறுபாடு இருக்க வேண்டும்; மாதிரி அதைச் சரியாகக் காட்டாதது பிழையில்லை, அதன் கட்டத்தின் அளவு அப்படி. 2025 மே மாதம் இந்திய வானிலைத் துறை செயல்பாட்டுக்குக் கொண்டுவந்த பாரத் முன்கணிப்பு அமைப்பு 6 கிலோமீட்டர் கட்டத்தில் இயங்குகிறது. ஏலகிரி அளவுள்ள ஒரு மலை ஏறத்தாழ ஒரு கட்டத்தை நிரப்பும் நிலைக்கு இப்போதுதான் வந்திருக்கிறோம் என்பதால், வரும் ஆண்டுகளில் நம் மலைகளுக்கான கணிப்பு மேம்படும் என்று நம்ப இடமிருக்கிறது.

விண்டியின் உண்மையான பயன் காற்றில் இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த ஊர்களில் நாம் வாழ்கிறோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிற்பகலில் மேற்கிலிருந்து வீசும் காற்று ஏலகிரியின் பதினான்கு கொண்டையூசி வளைவுகளில் மிதிவண்டி ஓட்டுகிறவரை ஒரு வளைவில் முதுகில் தள்ளி, அடுத்த வளைவில் மார்பில் தடுத்து நிறுத்தும். பாராகிளைடிங் செய்பவருக்கோ அதுதான் எல்லாம். அவர்கள் தரைமட்டக் காற்றைப் பார்த்தால் போதாது. திரையில் உயரத்தை மாற்றும் அளவுகோலை 900 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்துக்கு, நகர்த்திப் பார்த்தால்தான் மலையுச்சியில் வீசப்போகும் காற்றின் வேகம் தெரியும். தரையில் மணிக்கு 12 கிலோமீட்டர் என்று காட்டும் நாளில் அந்த உயரத்தில் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் இருப்பது தென்மேற்குப் பருவத்தில் இயல்பானது. ஏலகிரியிலுள்ள சுவாமிமலை உச்சிக்கு நடந்து போகிறவர்களும் இதைப் பார்க்கலாம். கூடாரம் அடிக்க நினைப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

விண்டி மழையைக் காட்டும் விதத்தை மட்டும் அப்படியே நம்பக்கூடாது. தென்மேற்குப் பருவ மாதங்களில் வேலூர் வட்டாரத்துக்கு வரும் மழை பெரும்பாலும் உள்ளூரில் பிறப்பதில்லை. கோலார், சித்தூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மேட்டு நிலங்களில் வெயில் ஏறிப் பிற்பகலில் எழும் இடிமேகங்கள், மேல்காற்றால் உந்தப்பட்டுக் கிழக்கு நோக்கி வந்து, மாலையிலும் முன்னிரவிலும் நம்மைக் கடந்து, நள்ளிரவில் சென்னையை அடைகின்றன. எந்த மேகம் எந்த ஊருக்கு மேல் வரும் என்பதை இரண்டு நாள் முன்னதாக எந்த மாதிரியும் சொல்ல முடியாது. மாதிரி காட்டும் மழைப்பொட்டு பேரணாம்பட்டில் இருந்தால், அது ஆம்பூரிலும் விழலாம், குடியாத்தத்திலும் விழலாம். அன்று இடிமேகம் எழுவதற்கான சூழல் இருக்கிறது என்ற அளவோடு அதை எடுத்துக்கொண்டு, விடியலில் ஏறத் தொடங்கி, பிற்பகல் ஒரு மணிக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுவதே இந்த நான்கு மாதங்களுக்கான முறை. வடகிழக்குப் பருவத்தில் இந்த முறை பொருந்தாது. அப்போது மழை கிழக்கிலிருந்து வரும். இரவிலும் விடியலிலும்கூட வலுத்துப் பெய்யும். காலை வேளை பாதுகாப்பானது என்ற நினைப்பு அக்டோபருக்குப் பிறகு செல்லாது.

மேகம் எழுந்த பிறகு அதைத் தொடர்ந்து பார்க்க ரேடார் படம் இருக்கிறது. சென்னை ரேடாரின் படத்தை வானிலைத் துறையின் தளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் ரேடாரின் கதிர் சற்றே மேல்நோக்கிச் செல்வதாலும், பூமி வளைந்திருப்பதாலும், தொலைவு கூடக்கூட அது தரையிலிருந்து விலகிக்கொண்டே போகிறது. அரைப் பாகை ஏற்றத்தில் செல்லும் கதிர் சென்னையிலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தள்ளியுள்ள வேலூருக்கு மேல் 2 கிலோமீட்டர் உயரத்திலும், 185 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஏலகிரிக்கு மேல் மூன்றரை கிலோமீட்டரைத் தாண்டிய உயரத்திலும் இருக்கும். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் இடிமேகத்தை அது தவறவிடாது. மலையைத் தழுவி நிற்கும் தாழ்ந்த மேகத்தையும், அதிலிருந்து விழும் தூறலையும், டிசம்பர், ஜனவரி காலைகளில் மலைச்சாலையை மறைக்கும் மூடுபனியையும் அது காணவே காணாது. ரேடார் படத்தில் ஏலகிரிக்கு மேல் எதுவும் இல்லை என்றால், பெரிய இடிமழை இல்லை என்று கொள்ளலாம். வழுக்கும் பாறையும் மங்கிய சாலையும் இல்லை என்று கொள்ள முடியாது.

ஆறுகளைப் பொறுத்தவரை, இதுவரை சொன்ன எந்தச் சேவையும் நமக்கு முழுமையாகப் போதவில்லை. பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடிய பிறகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து 222 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் அந்த ஆற்றில் ஓட்டப் பயிற்சி செய்கிறவர்களும், அக்கரைக்குத் தரைப்பாலங்கள் வழியாக மிதிவண்டியில் போகிறவர்களும் வேலூர் வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்கப் பழகிவிட்டார்கள். அந்தக் கணிப்பு தவறானது. 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடிய வெள்ளம், மேற்கே மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்ததால் வந்தது. 2021 நவம்பரில் வாலாஜா அருகே உள்ள பாலாற்று அணைக்கட்டை நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் கடந்தபோதும், அதில் பெரும்பங்கு மூன்று மாநில மழையும் ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்ததே.

ஆகவே ஆற்றோரம் போகிறவர் படிக்க வேண்டியவை வேறு. பாலாற்றுக்குப் பேத்தமங்கலம் பக்கத்து ஏரிகளின் நிலையும், எல்லையிலுள்ள புல்லூர் தடுப்பணை நிரம்பி வழிகிறதா என்ற செய்தியும் முக்கியம். குடியாத்தம் வழியாக வரும் கவுண்டன்யா ஆற்றுக்கு மோர்தானா அணையின் உபரி நீர் அறிவிப்பும், பொன்னை ஆற்றுக்குச் சித்தூர் அருகே கலவகுண்டா அணையின் திறப்பும் முக்கியம். இவற்றை இன்று நாளிதழின் மாவட்டப் பக்கத்திலும், மாவட்ட ஆட்சியரின் வெள்ள எச்சரிக்கையிலும், தமிழ்நாடு அரசு 2024-இல் கொண்டுவந்த டிஎன்-அலர்ட் செயலியிலும் துண்டு துண்டாகத்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செயலி தமிழிலேயே முன்னறிவிப்பும் மழையளவும் நீர்த்தேக்க நிலையும் தருவது பாராட்டுக்குரியது. ஆயினும் நம் ஆறுகளுக்கு எல்லைக்கு மேற்கே பெய்த மழைதான் முதல் தகவல். அதற்குக் கோலாருக்கும் சித்தூருக்கும் உரிய வானிலை அறிக்கைகளைத் தனியே தேடிப் படிக்க வேண்டும்.

வெள்ளம் வடிந்த பிறகும் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை எந்த வானிலைச் சேவையும் சொல்லாது. மணல் அள்ளிய குழிகள் நீருக்கடியில் மறைந்து கிடக்கும். முழங்கால் அளவு என்று இறங்கியவர் அடுத்த அடியில் ஆளுயரத்துக்கு மேல் போய்விடுவார். ஆற்றில் நீர் வந்ததைக் கொண்டாட ஊரே திரண்டு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைத் தடுப்பணைப் பக்கம் இறங்கவிடக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மின்னலுக்குப் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி இருக்கிறது. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டங்களில் மின்னல் விழுவதை அது காட்டுகிறது, தமிழிலும் பயன்படுத்தலாம். மலைக்குப் போகிற ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் இருக்க வேண்டிய ஒரே செயலியைச் சொல் என்றால் இதையே சொல்வேன். ஜவ்வாதின் உட்பகுதிகளில் கைப்பேசி இணைப்பு அறுந்து அறுந்து வருவதால், அங்கே பழைய கணக்கையும் கைவசம் வைத்திருக்க வேண்டும்: மின்னலைக் கண்டதிலிருந்து இடியைக் கேட்பதற்குள் முப்பது நொடிகளுக்குக் குறைவாக இருந்தால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, உச்சியையும் மொட்டைப் பாறையையும் தனி மரத்தையும் விட்டு உடனே இறங்க வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை திரும்ப ஏறக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வானிலைத் துறை 2020-இல் வெளியிட்ட மௌசம் செயலி, மூன்று மணி நேரத்துக்கு உரிய உடனடி முன்னறிவிப்பைப் பார்க்க எளிது. தமிழ்நாடு வெதர்மேன் என்ற பெயரில் பிரதீப் ஜான் எழுதிவரும் பதிவுகள், மேற்கிலிருந்து வரும் மாலை மழையின் போக்கைப் பொதுமக்களுக்குப் புரியும்படி விளக்குவதில் தனிச் சிறப்புடையவை. கத்திரி வெயில் நாள்களில் வேலூரைச் சுற்றியுள்ள மொட்டைப் பாறைக் குன்றுகளில் ஏறுகிறவர்கள், அறிக்கையில் வரும் 40 பாகை என்பது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் அளந்தது என்பதையும், காலுக்கடியில் இருக்கும் பாறை அதைவிட வெகுவாகச் சுடும் என்பதையும் மறக்கக் கூடாது. மலையில் இரவைக் கழிக்க விரும்புகிறவர்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரில், 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கியை இயக்கிவரும் வைணு பாப்பு வான்காணகத்தாருக்கும் அதுவே நல்ல பருவம்.

மண்டல வானிலை ஆய்வு மையத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். அமர்நாத் யாத்திரைக்கும், இமயமலையின் நான்கு திருத்தல யாத்திரைக்கும் இந்திய வானிலைத் துறை இடம் குறித்த சிறப்பு முன்னறிவிப்புகளை வெளியிடுகிறது. அதே முறையில், வெள்ளிக்கிழமை அறிக்கையில் ஏலகிரி, ஜமுனாமரத்தூர், அமிர்தி ஆகிய மூன்று இடங்களுக்கு மழை, உச்சிக் காற்று, இடிமின்னல் வாய்ப்புள்ள நேரம் ஆகியவற்றைத் தனித்தனியாகச் சொல்லலாம். அதனோடு கோலார், சித்தூர் மாவட்டங்களில் முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழையையும், புல்லூர், மோர்தானா, கலவகுண்டா ஆகியவற்றின் நீர் நிலையையும் ஒரே பக்கத்தில் சேர்த்துத் தந்தால், சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் காட்பாடியிலிருந்து புறப்படும் ஒருவர் அதை மட்டும் படித்துவிட்டு எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று முடிவெடுக்க முடியும்.